சேரிப் பள்ளிகள் தோன்றிய வரலாறும் பள்ளி இணைப்புச் சிக்கலும்

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கூட்டந்தோறும் இளைஞர்கள் எழுப்பிவரும் வினா ஒன்றுக்கு விடை காண முயல்வது நம் கடமையெனக் கருதுகிறோம். பிள்ளைகள் குறைந்துபோன அரசுப் பள்ளிகளை மூடி, அருகிலுள்ள பெரிய பள்ளிகளோடு இணைப்பது நன்றா, தீதா என்பதே அவ்வினா. ஐந்து வகுப்புகளுக்கு ஏழெட்டுப் பிள்ளைகளும் ஓர் ஆசிரியருமாக ஒரு பள்ளியை ஏன் நடத்த வேண்டும் என்று ஒரு சாரார் கேட்கின்றனர். நம் முன்னோர் மனுமேல் மனுக் கொடுத்துப் பெற்ற பள்ளியை எவ்வாறு கைவிடுவது என்று மற்றொரு சாரார் கேட்கின்றனர். இரு சாரார் கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆயினும், இப்பள்ளிகள் ஏன் தோன்றின என்பதை அறியாமல் அவற்றை மூடுவதா காப்பதா என்று முடிவு செய்தல் பொருந்தாது. ஆதலின் வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

பொதுப்பள்ளி பொதுவாக இல்லாத காலம்

கடப்பாக்கத்தை உள்ளிட்ட இடைக்கழிநாடு தமிழுலகுக்குப் புதியதன்று. சிறுபாணாற்றுப்படை பாடிய புலவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்றே வழங்கப்படுகிறார். 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட ஆலம்பரைக் கோட்டையின் மதில்கள், 18ஆம் நூற்றாண்டில் இக்கடற்கரை கண்ட வாணிகத்தையும் போரையும் இன்றும் நினைவூட்டுகின்றன. புலவர் பெயரும் கோட்டையின் கதையும் ஏட்டில் ஏறின. ஆனால் ஏர் பிடித்தும் உப்பு வாரியும் இம்மண்ணில் வாழ்ந்த சேரி மக்களின் பிள்ளைகளுக்கு அந்த ஏட்டைத் தொடும் வாய்ப்பே நெடுங்காலம் இல்லாதிருந்தது.

அவர்களுடைய நிலை அரசின் பார்வைக்கு விரிவாக வந்தது 1891ஆம் ஆண்டில் ஆகும். அப்போது செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், இம்மாவட்டப் பறையர் மக்களின் வாழ்வு குறித்து அறிக்கை ஒன்று எழுதினார். உழுபவனுக்கு நிலம் இல்லை; குடியிருக்கும் மனைக்கட்டும் மிராசுதாரர் பிடியில் இருந்தது; எதிர்த்துப் பேசினால் குடிசையே போய்விடும் என்னும் உண்மைகளை அவ்வறிக்கை அரசுக்கு உணர்த்தியது. செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு போன்ற பாதிரிமார்களும் இதே குறைகளை இடைவிடாது எடுத்துரைத்தனர். இவற்றின் பயனாக 1892 செப்டம்பர் 30 அன்று 1010, 1010-அ என்னும் எண்களுடைய அரசாணைகள் பிறந்தன. நாம் இன்று பஞ்சமி நிலம் என்று கூறுவது அவ்வாணைகளின் வழி வந்ததே.

அதற்கு நான்கு திங்கள் கழித்து, 1893 பிப்ரவரி 1 அன்று, கல்வித்துறையின் 68ஆம் எண் ஆணை வெளியாயிற்று. பெரிய சேரிகளில் பள்ளி திறக்கவும், பள்ளிக்குப் புறம்போக்கு நிலம் ஒதுக்கவும், நம்மவர் ஆசிரியப் பயிற்சி பெற உதவித்தொகை வழங்கவும் அது வழிசெய்தது. முதலில் நிலத்திற்கு ஆணை, உடனே பள்ளிக்கு ஆணை என்று இவ்விரண்டும் அடுத்தடுத்து வந்தமை தற்செயல் அன்று. சொந்த மண் இல்லாதவன் தன் பிள்ளையைத் துணிந்து பள்ளிக்கு அனுப்ப முடியாது என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர். மறு ஆண்டில், அதாவது 1894இல், பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர்க்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.

தனிப்பள்ளி எதற்காக, பொதுப்பள்ளியிலேயே சேர்ந்திருக்கலாமே என்று இன்றைய இளைஞர் கேட்கக்கூடும். அக்காலத்துப் பொதுப்பள்ளி பெரும்பாலும் அக்கிரகாரத்து வீட்டிலோ, கோயில் மண்டபத்திலோ, ஊர்ச் சாவடியிலோ நடந்தது. அவ்விடங்களில் நம்மவர் கால் வைத்தலே குற்றம். சென்னை மாகாணத்தில் பொது நிருவாகத்தில் இருந்த 8,157 ஆண்கள் பள்ளிகளுள் 609 பள்ளிகளில் மட்டுமே பஞ்சமப் பிள்ளைகளுக்கு இடமிருந்தது என்பதை 1919ஆம் ஆண்டு அரசு ஆணை வாயிலாக அறிகிறோம். வரிப்பணத்தில் நடந்த பள்ளிகளின் நிலையே இது.

கோழியாளம் தந்த தலைவர்

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். நம் மாவட்டம் நாட்டுக்கு அளித்த பெருந்தலைவர் அவர். 1939இல் வெளிவந்த தம் ஜீவிய சரித்திரத்தில் தம்முடைய மாணவப் பருவத்தை அவர் குறித்திருக்கிறார். கோயம்புத்தூரில் அவர் பயின்ற இடத்தில் ஏறத்தாழ 400 மாணாக்கர் இருந்தனர்; அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால், மணி அடிக்கும்வரை வெளியே நின்று, அடித்தபின்பே அவர் வகுப்புக்குள் செல்வார். பள்ளி விட்டதும் பிறர் உடன்வாரா வண்ணம் விரைந்து வீடு திரும்புவார். பள்ளியில் இடம் கிடைத்தும் தோழமை கிடைக்காத பிள்ளையின் துயரம் அது. இணைப்பைப் பற்றிப் பேசுவோர் மறக்கக்கூடாத செய்தியும் அதுவே.

அப்பிள்ளை வளர்ந்து சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தபோது, பொதுத் தெருக்களும் கிணறுகளும் குளங்களும் அலுவலகங்களும் எல்லா மக்களுக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதே ஆண்டு செப்டம்பரில் அது அரசாணை ஆயிற்று. தெருவுக்கும் பள்ளிக்கும் என்ன தொடர்பு எனின், பள்ளிக்குச் செல்வதற்குத் தெருவில் நடந்தாக வேண்டும். நடக்க உரிமையில்லாத தெருவின் கோடியில் இருக்கும் பள்ளி நூறு அடித் தொலைவில் இருந்தாலும் எட்டாத பள்ளியே. தொலைவைக் கல் கணக்கில் மட்டும் அளக்க முடியாதென்பதை நம் முன்னோர் அன்றே கண்டிருந்தனர்.

பரங்கிமலையில் பிறந்து, ஆசிரியராகப் பணியாற்றிய எம்.சி. ராஜாவும் சட்டமன்றத்தில் நம் கல்விக்காகத் தொடர்ந்து வாதாடினார். 1920ஆம் ஆண்டளவில் தொழிலாளர் ஆணையர் பொறுப்பில் தனித்துறை ஒன்று இயங்கத் தொடங்கியது. மனைக்கட்டு, கிணறு, கல்வி உதவித்தொகை, பள்ளி ஆகியவற்றை அத்துறை கவனித்தது. நம் பாட்டன்மார் 'லேபர் பள்ளிக்கூடம்' என்று சொன்னது இத்துறையின் பள்ளிகளையே. 1949இல் அத்துறைப் பணி அரிசன நலத்துறைக்கு மாறிற்று. பின்னர் அதுவே ஆதிதிராவிடர் நலத்துறை ஆயிற்று. பெயர்ப்பலகை மாறியபோதும் பள்ளி சேரியின் நடுவிலேயே நின்றது.

இப்பள்ளிகளுக்கு ஆகும் செலவு யாரோ இரங்கி அளித்த கொடையன்று. 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தைப் பலர் தேர்தல் தொகுதிகளுக்காக மட்டுமே நினைவுகூர்கின்றனர். ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி மானியத்தில் போதிய தொகையை ஒடுக்கப்பட்டோர் கல்விக்கெனத் தனியே ஒதுக்க வேண்டும் என்பதும் அவ்வொப்பந்தத்தின் ஒரு விதியாகும். தனித்தொகுதி உரிமையை விட்டுக்கொடுத்த அந்நாளில், அண்ணல் அம்பேத்கரும் நம் தலைவர்களும் கேட்டுப் பெற்ற ஈடுகளுள் அதுவும் ஒன்று. ஆகவே சேரிப் பள்ளிக்குரிய பணத்தை அரசின் வீண்செலவு என்று எவரேனும் கூறுவாராயின், ஒப்பந்தக் கடனை வீண்செலவு என்று கூறுவதாகவே கொள்ள வேண்டும்.

பள்ளி பெருகிய காலமும் குறைந்த காலமும்

விடுதலைக்குப் பின் 1953இல் இராசாசி அமைச்சரவை புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு; எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கலாம் என்றது அத்திட்டம். நம் பெற்றோரின் தொழில் எதுவென்று அனைவரும் அறிவர். குலக்கல்வி என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் அடுத்த மாதமே அதனைக் கைவிட்டார். அதன்பின், 300 மக்கள் வாழும் சிற்றூருக்கும் ஒரு பள்ளி என்னும் நோக்கில் ஓராசிரியர் பள்ளிகள் பல்கின. பசித்த பிள்ளைக்கு மதிய உணவும் வந்தது. இன்று 'ஆதாயமற்ற பள்ளி' என்று பட்டியலில் ஏறுபவற்றுள் பல அக்காலத்தில் அவ்வாறு தோன்றியவையே. பிள்ளைகள் மிகுதியாக இருந்ததனால் அவை திறக்கப்படவில்லை. பிள்ளை பள்ளியைத் தேடிச் செல்லாது, பள்ளியே பிள்ளையைத் தேடி வரவேண்டும் என்பதனால் திறக்கப்பட்டன.

பின்னர் ஏன் குறைந்தன? காரணங்கள் பல. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை என்னும் அளவுக்குப் பிறப்பு குறைந்துள்ளதாக 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. வேலை தேடிக் குடும்பங்கள் நகரங்களுக்குச் செல்கின்றன. ஆங்கில வழித் தனியார்ப் பள்ளிகளின் ஊர்திகள் சேரி வாயில்வரை வருகின்றன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தனியார்ப் பள்ளிகளில் நான்கில் ஒரு பங்கு இடத்தை அரசின் செலவிலேயே நலிந்த பிரிவினர் பெறலாம்; அதனால் பயன் பெற்றோர் உளர். அரசுப் பள்ளி அதனால் மெலிந்ததும் உண்மை.

இங்கு நம் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சேரிப் பள்ளியில் எழுத்தறிந்து, விடுதியில் தங்கிப் படித்து, அரசு வேலை பெற்ற நம்மவருள் எத்தனை பேர் தம் பிள்ளையை அதே பள்ளியில் சேர்த்தோம்? வசதி வந்தவுடன் முதலில் வெளியேறியவர் நாமே. பள்ளியைப் பற்றி உரத்துக் கேள்வி கேட்கக்கூடிய பெற்றோர் அகன்றபின், கேட்க இயலாத கூலித் தொழிலாளியின் பிள்ளைகளே அங்கு எஞ்சினர். கூரை ஒழுகினும் ஆசிரியர் வராதிருப்பினும் மனு எழுதுவார் இல்லை. பள்ளி மெலிந்த பின் அதன் மெலிவையே காட்டி மூடுவதற்குக் காரணம் சொல்லப்படுகிறது.

இன்றைய இணைப்புத் திட்டங்கள்

2019இல் தமிழ்நாட்டில் பத்துக்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் 1,248 எனக் கணக்கிடப்பட்டது. ஒரு பிள்ளையும் சேராத 46 பள்ளிகளை நூலகங்களாக மாற்றுவதாக அரசு அறிவித்தது. 2025இல் மாணவர் சேர்க்கை இன்மையால் 200க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் மூடப்பட்ட செய்தி வந்தது. பிற மாநிலங்களில் எண்ணிக்கை இன்னும் பெரிது. இராசசுத்தானத்தில் 2014இல் 17,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் இணைக்கப்பட்டன. பின்னர் அவற்றுள் சிலவற்றை மீண்டும் திறக்க வேண்டியதாயிற்று. 2016-17இல் இந்திய அரசுத் தொடக்கப் பள்ளிகளுள் ஏறத்தாழ 28 விழுக்காடு முப்பதுக்கும் குறைந்த பிள்ளைகளைக் கொண்டிருந்தன என்று 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை எடுத்துக்காட்டி, பள்ளிகளைத் தொகுதிகளாக இணைக்கப் பரிந்துரைத்தது.

நமக்கு மிக நெருக்கமானது ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் இணைப்பு. 1,100க்கும் மேற்பட்ட இப்பள்ளிகளையும், பிற துறைகள் நடத்தும் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவருவதாக 2023 மார்ச்சு மாத நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அவ்வாண்டு ஆகத்தில் நாங்குநேரியில் நம் இனத்துப் பள்ளி மாணவர் ஒருவர் உடன் பயின்றவர்களாலேயே வெட்டப்பட்ட கொடுமை நிகழ்ந்தது. அதனையொட்டி அமைக்கப்பட்ட, ஓய்வு பெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிகளின் பெயரில் சாதியடையாளம் கூடாது, எல்லாப் பள்ளிகளும் ஒரே நிருவாகத்தின்கீழ் வரவேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் அடங்கும்.

இதனை நாம் உடனே மறுத்துவிட முடியாது. தனிப்பள்ளி நம் முன்னோரின் இலக்காக என்றும் இருந்ததில்லை. பொதுப்பள்ளியின் கதவு அடைத்திருந்ததனால் அவர்கள் கட்டிக்கொண்ட புகலிடம் அது. கதவு உண்மையாகவே திறந்துவிட்டால் புகலிடத்திலேயே நம் பிள்ளைகளை வைத்திருத்தல் அறிவுடைமை ஆகாது. ஒரே குலத்துப் பிள்ளைகள் மட்டும், ஓர் ஆசிரியரிடம், விளையாடவும் போட்டியிடவும் துணையின்றி ஐந்தாண்டு கழிப்பது நல்ல கல்வியும் அன்று.

இணைப்பின் திசை

ஆனால் கதவு திறந்துவிட்டதா என்பதே கேள்வி. அதனைக் கண்டறிய எளிய உரைகல் ஒன்று உண்டு. ஊர்ப்பள்ளி ஒன்றிலும் சேரிப்பள்ளி ஒன்றிலும் பிள்ளைகள் குறைந்திருக்குமாயின், எது எதனோடு இணைக்கப்படுகிறது என்று பாருங்கள். சேரிப்பள்ளியின் கட்டடம் புதியதாகவும் இடம் அகன்றதாகவும் இருப்பினும், ஊர்ப் பிள்ளைகள் அங்கே வருவர் என்று எவரேனும் எண்ணிப் பார்க்கின்றனரா? நம் பிள்ளைகள் ஊருக்குள் செல்வது இணைப்பு. ஊர்ப் பிள்ளைகள் சேரிக்குள் வருவது நடவாத காரியம் என்று பேசாமலே முடிவு செய்யப்படுமாயின், 1919இல் இருந்த கதவு இன்னும் முழுவதும் திறக்கவில்லை என்பதே பொருள். 2018இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் சத்துணவு சமைக்க வந்த ஆதிதிராவிடப் பெண்மணியை ஏற்கமாட்டோம் என்று பெற்றோர் சிலர் எதிர்த்துக் கிளம்பியதை நாடறியும்.

இவ்வகையில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு நமக்குப் பாடமாகும். 1954இல் பிரௌன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நிறத்தால் பள்ளிகளைப் பிரித்தல் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. உலகமே போற்றிய தீர்ப்பு அது. ஆனால் அதனைத் தென் மாநிலங்களில் செயற்படுத்தியபோது, மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. அதன்பின் 1965க்குள் தென் மாநிலங்களிலும் எல்லைப்புற மாநிலங்களிலும் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தனர் என்பர். நல்ல தீர்ப்பின் சுமையை ஒரு சாராரே சுமந்தனர். 2013இல் சிக்காகோ நகரில் பிள்ளைகள் குறைவு என்று ஏறத்தாழ 50 பள்ளிகள் ஒருசேர மூடப்பட்டபோதும், இடம் பெயர்ந்தோருள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகளே.

நாம் எதனைக் கேட்பது?

ஆகவே எல்லாப் பள்ளியையும் காப்போம் என்பதும், அரசு தரும் பட்டியலை அப்படியே ஏற்போம் என்பதும் நம் நிலைப்பாடு ஆகா. ஒவ்வொரு பள்ளியையும் தனித்தனியே ஆய்ந்து முடிவு செய்ய வேண்டும். அதற்கு நான்கு கேள்விகளை நாம் முன்வைக்கிறோம்.

முதலாவது, வழி. தமிழ்நாட்டு விதிகளின்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். நம் பகுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்து செல்லும் அரைக் கிலோமீட்டர், வயல் வரப்பில் நடக்கும் இரண்டு கிலோமீட்டரைவிடக் கொடியது. விரைந்துவரும் பேருந்துக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் இடையே காவலுக்கு யார் நிற்பார் என்பதற்கு விடை வேண்டும்.

இரண்டாவது, நடத்தை. சேரும் பள்ளியில் நம் பிள்ளை எங்கே அமரும், எந்தக் குவளையில் நீர் அருந்தும், துடைப்பம் யார் கையில் கொடுக்கப்படும்? நம் பள்ளி ஆசிரியரும் சமையற் பணியாளரும் உடன் செல்கின்றனரா, அல்லது பிள்ளைகள் மட்டும் தனியே அனுப்பப்படுகின்றனரா?

மூன்றாவது, நிலம். மூடப்பட்ட பள்ளியின் மனை எவருக்குப் போகும்? பஞ்சமி நிலங்கள் கைமாறிய வரலாற்றையும், அவற்றை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்ததையும் இம்மாவட்டத்தார் மறக்கலாகாது. பள்ளியாக இல்லாவிடினும் அவ்விடம் நூலகமாகவோ, மாலைநேரப் படிப்பகமாகவோ சேரி மக்களின் கல்விக்கே நிலைக்க வேண்டும். 2021இல் பெருந்தொற்றால் வருவாய் இழந்த பெற்றோர் பலர் தனியார்ப் பள்ளியை விட்டு மீண்டும் அரசுப் பள்ளி வாயிலுக்கு வந்தனர். நிலத்தை விற்றுவிட்டால் திரும்பி வரும் பிள்ளைக்கு வாயில் இராது.

நான்காவது, முடிவு செய்பவர். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினர்க்கும் பெண்களுக்கும் உரிய இடம் உண்டு. அக்குழுவில் பேசப்படாமல், பதிவேட்டில் கையெழுத்து மட்டும் பெறப்பட்ட இணைப்பை நாம் ஏற்றல் ஆகாது. துறை மாறினாலும் ஆதிதிராவிடர் கல்விக்கென ஒதுக்கிய தொகை நம் பிள்ளைகளுக்கே செலவாகிறதா என்று கேட்பதும் அக்குழுவின் வேலை.

இந்நான்குக்கும் நேரிய விடை கிடைக்குமாயின், இணைப்பை நாம் வரவேற்போம். நம் பள்ளியே சிறந்ததாயின் ஊர்ப் பிள்ளைகளை நம் வாயிலில் நின்று வரவேற்போம். விடை கிடைக்காதாயின், பிள்ளைகள் ஐவரே ஆயினும் அப்பள்ளி நடைபெற வேண்டும் என்று வாதாடுவோம்.

இளைஞர்களே! இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் உங்கள் தெருவுப் பள்ளிக்கு ஒருமுறை சென்று வாருங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர், மனையின் பதிவு எவர் பெயரில் என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலாண்மைக் குழு எந்நாளில் கூடுகிறது என்று கேட்டு, உங்கள் தாயரை அங்கே அமரச் செய்யுங்கள். நம் பாட்டன்மார் எழுதப் படிக்கத் தெரியாமலே மனுக் கொடுத்துப் பள்ளி பெற்றனர். எழுதவும் படிக்கவும் தெரிந்த நாம், அப்பள்ளியின் கதி நமக்குத் தெரியாமல் முடிவு செய்யப்பட்டது என்று நாளை சொல்லும் நிலை வரலாகாது. கழகத்தின் அடுத்த 25 ஆண்டுப் பணி அதிலிருந்தே தொடங்கட்டும்.